2024–25ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், இன்று நேரில் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். ஈரோட்டில் இயங்கிவரும் நம் சிறுவர் சேர்ந்திசைச் சங்கத்தின் ஓராண்டு நடவடிக்கைகளைப் பேரவையின் ஒப்புதலுக்காக முன்வைக்கிறேன்.

விடுதலை நாளிலும் குடியரசு நாளிலும் பிள்ளைகள் பாடினர். செப்டம்பரில் பாரதி நினைவு நாளையொட்டி, 1921இல் அவர் வந்து சொற்பொழிவாற்றிய கருங்கல்பாளையத்தில் பாடினர். செயற்குழு ஆறு முறை கூடியது. ஆர்மோனியத்தின் துருத்தி பழுது பார்க்கப்பட்டது.

இவ்வாண்டின் தலையாய பணி, பிள்ளைகளுக்கென்றே ஒரு புதிய பாடலை இசையமைப்பாளர் ஒருவரைக் கொண்டு எழுதுவித்தது. இதைக் குறித்து உறுப்பினர் சிலருக்கு மனக்குறை இருப்பதாக அறிகிறேன். ஆகவே சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. சென்ற பேரவையில் மூத்த உறுப்பினர் ஒருவர், "ஏனுங்க, இத்தன பாட்டு இருக்கறப்ப காசு குடுத்துப் புதுசா ஒண்ணு எதுக்குங்க?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. அன்று சாப்பாட்டு நேரம் ஆகிவிட்டதால் விடை கூற இயலவில்லை.

நம் பிள்ளைகள் இதுவரை பாடிவந்தவற்றில் பெரும்பகுதி, பெரியவர் ஒருவரின் தனிக்குரலுக்காக அமைந்தவை. திரைப்பாடலைப் பிள்ளைகள் கூட்டமாகப் பாடும்போது, மேலே எட்டாத இடத்தில் கத்துகிறார்கள், கீழே எட்டாத இடத்தில் முணுமுணுக்கிறார்கள்; மிச்சத்தைப் பதிவுசெய்த பின்னணி இசை ட்ராக் பார்த்துக்கொள்கிறது. கீர்த்தனைகளுக்கு நாம் வெளியூர் தேடிப் போக வேண்டியதில்லை. மொடக்குறிச்சிப் பக்கத்து மஞ்சக்காட்டுவலசில் பிறந்த பெரியசாமித் தூரன் அவர்கள், 10 தொகுதிகளாகக் குழந்தைகள் கலைக்களஞ்சியத்தைப் பதிப்பித்துத் தந்ததோடு அருமையான கீர்த்தனைகளையும் இயற்றியிருக்கிறார். ஆனால் ஒரு சங்கதியை (ஒரே வரியை மாற்றி மெருகேற்றிப் பாடும் வகையை) முப்பது பிள்ளைகள் சேர்ந்து பாடும்போது ஒவ்வொருவரின் கமகமும் (சுரத்தை அசைத்துப் பாடும் முறையும்) ஒவ்வொரு பக்கம் இழுக்க, சொல்லும் கேட்பதில்லை, சுரமும் நிற்பதில்லை. குறை கீர்த்தனையினுடையதன்று, கூட்டுக்குரலுக்கென எழுதப்பட்ட பாடல் நம்மிடம் போதிய அளவு இல்லை. சென்னையில் இளைஞர் சேர்ந்திசைக் குழுவைத் தொடங்கி நடத்திய எம்.பி. சீனிவாசன் அவர்கள் இக்குறையைப் போக்கவே நெடுங்காலம் உழைத்தார். நாட்டுப்பாடல்களை ஊர் ஊராகச் சென்று சேகரித்த ஹங்கேரி நாட்டு பேலா பார்டோக், 1930களில் சிறுவர், மகளிர் குரல்களுக்கென்றே இரண்டு, மூன்று குரல் வரிசைகளில் 27 பாடல்களை அமைத்தார். நாம் கேட்டது ஒரே ஒரு பாடல்.

பொருளாகக் காலிங்கராயன் வாய்க்காலை எடுத்துக்கொண்டோம். பவானி ஆற்று நீரை நொய்யல் வரை கொண்டுசெல்லும் இவ்வாய்க்கால் இப்படி வளைந்து வளைந்து போவதற்குப் பாம்பு ஒன்று வழி காட்டியதே காரணம் என்னும் கதை, பாட்டுக்கு நன்றாகப் பொருந்தியது. இசையமைப்பாளர் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் பயிற்சிக்கு வந்து, ஒவ்வொரு பிள்ளையின் குரலும் எதுவரை எட்டுகிறது என்று குறித்துக்கொண்டார். முதற்குழு பாடிய வரியை இரண்டாம் குழு சிறிது பிந்தித் தொடங்கிப் பின்தொடருமாறு, தண்ணீருக்குப் பின் தண்ணீர் வருவதைப் போலப் பாடலை அமைத்தார். மோகன ராகத்தைத் தேர்ந்ததற்கும் காரணம் உண்டு: அதன் ஐந்து சுரங்களில் எந்த இரண்டும் அரைச்சுர நெருக்கத்தில் இல்லாததால், இரு குழுக்களின் குரல்கள் எந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தாலும் காதில் உறுத்துவதில்லை. நடுவே, நம் கொங்குநாட்டுக் கும்மியாட்டமான வள்ளிகும்மியின் கைத்தட்டல் வருகிறது. பயிற்சிக்கு வர அழும் பிள்ளைகள்கூட அந்த இடத்துக்காக வரத் தொடங்கினர். முதல் வடிவம் பல இடங்களில் மேல்ஸ்தாயியிலேயே நின்றது. குரல் உடையும் வயதிலிருந்த மூன்று பையன்களால் அதைத் தொட முடியவில்லை. திருத்தி எழுத ஆறு வாரம் ஆனதால், பொங்கலுக்கு என்று அறிவித்த அரங்கேற்றம் ஏப்ரலுக்குத் தள்ளிப்போனது. இதைச் செயலாளரின் மெத்தனம் என்று சொன்னவர்கள் அந்த ஆறு வாரங்களில் ஒரு நாளாவது பயிற்சிக்கு வந்து பார்த்திருக்கலாம்.

"பணம் கொடுத்தாயிற்று, பாட்டு நம்முடையதுதானே?" என்றும் சிலர் கேட்டனர். இல்லை. 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின்படி, நம்மிடம் பணியாளராக இல்லாத இசையமைப்பாளர் அமைத்த இசைக்கு முதல் உரிமையாளர் அவரே. உரிமையை மாற்றித் தருவதாயின் எழுத்தில் தர வேண்டும்; காலம் குறிப்பிடாவிட்டால் அது 5 ஆண்டுக்கு மட்டுமே செல்லும். ஆகவே உரிமையை அவரிடமே விட்டு, நம் பிள்ளைகள் காலவரம்பின்றிப் பாடும் அனுமதியை மட்டும் எழுதி வாங்கியுள்ளோம். அந்த ஒப்பந்தத்தை ஏற்பதற்காகக் கூட்டிய சிறப்புக் கூட்டத்துக்கு வந்தவர்கள், என்னையும் சேர்த்துப் பதினொருவர். முகூர்த்த நாள், மஞ்சள் மண்டியில் ஏலம், தறி வேலை என எல்லாக் காரணங்களும் உண்மையானவையே. எல்லாம் ஒரே நாளில் வந்ததுதான் வியப்பு. அரங்கேற்றத்தன்றோ பெற்றோர் கூட்டத்தால் நாற்காலி போதவில்லை. முன்வரிசையில் அமர்ந்திருந்தவர்களில் சிலரை நான் அன்றுதான் அவ்வாண்டில் முதன்முறையாகக் கண்டேன்.

வரவு செலவைப் பொறுத்தவரை, வரவும் செலவும் பெரும்பாலும் ஒத்துப்போகின்றன. விவரம் பொருளாளரிடம் உள்ளது, கேட்போர்க்குக் காட்டுவார். இசையமைப்பாளருக்கு முன்பணம் குறித்த காலத்தில் அளிக்கப்பட்டது. மீதத்தில் ஒரு பகுதி, ஒருவர் கைமாற்றாகத் தந்ததால் தீர்க்கப்பட்டது. அவர் தம் பெயரை இங்கே குறிப்பிட வேண்டாம் என்று எண்ணுகிறார், அவரே இவ்வறிக்கையை வாசிப்பதால். உறுப்பினர்களில் பாதிக்கு மேற்பட்டோர் இவ்வாண்டுச் சந்தாவைச் செலுத்தவில்லை. சிலர் இரண்டு ஆண்டுகளாகச் செலுத்தவில்லை. பெயர்ப் பட்டியலைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

பயிற்சிக்கு இடம் தந்த பள்ளிக்கும், வாராவாரம் சுண்டல் அனுப்பிய தாய்மாருக்கும், பாடல் வரிகளை எழுதித் தந்து ஊதியம் வாங்க மறுத்த ஆசிரியருக்கும், ஒலிபெருக்கி அமைத்தவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் நொய்யலைப் பற்றி இரண்டாம் பாடல் ஒன்று எழுதித் தர அதே இசையமைப்பாளர் இசைந்துள்ளார். வாய்ச்சொல்லாகத்தான், முன்பணம் தராமல் எழுதத் தொடங்குங்கள் என்று கேட்கும் துணிவு எனக்கு இல்லை. செயலாளர் பொறுப்பை வேறு எவரேனும் ஏற்க முன்வந்தால் இன்றே ஒப்படைக்க ஆயத்தமாக இருக்கிறேன். ஏற்பவர் அந்தக் கைமாற்றுக் கணக்கையும் சேர்த்தே ஏற்க வேண்டியிருக்கும். கூட்டம் முடிந்தபின் ரசீதுப் புத்தகத்துடன் தேநீர் மேசைக்கு அருகிலேயே நான் இருப்பேன். சில்லறையும் கொண்டுவந்திருக்கிறேன்.