சட்ட உதவிக்கு விருந்து விழா: பணம் போய்ச் சேர வேண்டிய இடம்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கண் அறுவை சிகிச்சைக்கு, பள்ளிக் கட்டடத்துக்கு, டயாலிசிஸ் கருவிக்கு என்று கோவையில் விருந்து விழா வைத்து நிதி திரட்டுவது பழகிப்போன காரியம். கொடுக்கிற கைக்கு இந்த ஊரில் பஞ்சமில்லை. ஏழைகளின் சிவில் வழக்குச் செலவுக்கென்று அப்படி ஒரு விழா நடப்பதுதான் அரிது. நடத்த நினைக்கும் சங்கங்களும் தொழிலதிபர்களும் அந்தப் பணத்தை எங்கே கொடுத்தால் பலன் கிடைக்கும் என்பதை, கோர்ட் வளாகத்தில் தினமும் புழங்குகிறவர்கள் என்ற முறையில் சொல்ல விரும்புகிறோம்.

வக்கீல் ஃபீஸுக்காக நிதி திரட்டத் தேவையில்லை. 1987-ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் 12-வது பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வக்கீல், கோர்ட் கட்டணம், பேட்டா (சம்மன் அனுப்பும் கட்டணம்), நகல் செலவு எல்லாம் இலவச சட்ட உதவியில் அடங்கும். 5 லட்ச ரூபாய் கேட்டு வழக்குப் போட்டால் கட்டணம் 3 சதவீதம், அதாவது 15,000 ரூபாய். உதவி பெறுகிறவர் தலையில் அது விழாது.

அப்படியிருந்தும் ஏன் தோற்கிறார்கள்? பெரும்பாலும் சம்மன் வந்த வாரத்திலேயே தோற்றுவிடுகிறார்கள்.

திருப்பூர், பல்லடம், சோமனூர், பள்ளிபாளையம் பக்கம் லைன் வீடுகளில் பகலில் ஆள் இருப்பதில்லை. புருஷன் தறியில், மனைவி பனியன் கம்பெனியில். சம்மன் கதவில் ஒட்டப்படுகிறது. ராத்திரி வந்து கிழித்துப் பார்த்தால் பைனான்ஸ்காரர் மிரட்டல் என்று தோன்றும். சமையல் கேஸ் புத்தகத்தோடு அலமாரியில் செருகி வைத்துவிடுவார்கள். எதிர்வாதவுரை, அதாவது வழக்குக்கு எழுத்தில் பதில், தாக்கல் செய்ய 30 நாள், கோர்ட் அனுமதித்தால் 90 நாள் வரை. ஆஜராகாவிட்டால் எக்ஸ்பார்ட்டி தீர்ப்பு, அதாவது இவர் தரப்பைக் கேட்காமலே தீர்ப்பு. அதை ரத்து செய்யச் சொல்லி மனுப்போட மறுபடி 30 நாள். அதுவும் போன பிறகு, வாசலில் அமீனா (ஜப்திக்கு வரும் கோர்ட் ஊழியர்) நிற்கும்போதுதான் வக்கீலைத் தேடி ஓடி வருகிறார்கள். அந்தக் கட்டத்தில் தாமதத்துக்குக் காரணம் காட்டித் தனி மனு, சில சமயம் கடன் தொகையில் ஒரு பகுதியைக் கட்டு என்ற நிபந்தனை என்று செலவு பலமடங்கு ஏறிவிடும்.

இப்படி வரும் கடன் வழக்குகளின் புரோநோட்டுகளை, அதாவது கடன் வாங்கியவர் கையெழுத்திட்டுக் கொடுத்த கடன் சீட்டுகளை, கையில் வாங்கிப் பார்க்க வேண்டும். ரெவின்யூ ஸ்டாம்பு மேல் கையெழுத்து ஒரு மையில் இருக்கும். தொகையும் தேதியும் வேறு மையில் இருக்கும். நிரப்பாத நோட்டில் கையெழுத்து வாங்கியதன் அடையாளம் அது. பின்பக்கத்தைத் திருப்பினால் 'வரவு ரூ.500' என்று ஒரு வரியும் ஒரு கையெழுத்தும் தெரியும். நோட்டை வைத்து வழக்குப் போடக் கெடு 3 வருஷம். கெடு முடிவதற்குள் பணம் கட்டியதாக, கட்டியவரே எழுதியோ கையெழுத்திட்டோ இருந்தால், அந்தத் தேதியிலிருந்து இன்னொரு 3 வருஷம் கிடைக்கும். கடன் வாங்கியவர் ஊரிலேயே இல்லாத மாதத்தில் அந்த 500 ரூபாய் வரவாகியிருந்தால், வழக்கே அந்த ஒரு வரியில் நிற்கிறது. எதிர்வாதவுரையில் அதை மறுக்காமல் விட்டால் பிறகு யாரும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்ப்பதில்லை.

ஜப்தியிலும் இதே அறியாமைதான். சமையல் பாத்திரம், படுக்கை, தாலி, கைத்தொழில் செய்கிறவரின் கருவிகள், கூலித் தொழிலாளியின் கூலி, பி.எஃப். பணம் எதிலும் கை வைக்க முடியாது என்கிறது சிவில் நடைமுறைச் சட்டத்தின் 60-வது பிரிவு. இதை எடுத்துச் சொல்ல ஆள் இல்லாததால் பாத்திரத்தை விற்றுக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே விழா நிதியின் பெரும்பங்கு சம்மன் படித்துச் சொல்லும் மேசைகளுக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில், தொழிலாளர் குடியிருக்கும் இடத்திலேயே. ஓர் இளம் வக்கீல், ஒரு குமாஸ்தா, ஒரு ஜெராக்ஸ் மெஷின், திருப்பூரிலானால் ஹிந்தியும் ஒடியாவும் தெரிந்த ஒருவர், இவ்வளவே. காகிதத்தைப் படித்து, கெடு தேதியைப் பெரிதாக எழுதிக் கொடுத்து, அன்றைக்கே மனு எழுதி, மறுநாள் இலவச சட்ட உதவி தரும் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் சேர்க்க வேண்டும். வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் (கோர்ட் பதிவில் அந்த வழக்குக்கு மட்டும் உரிய எண்) போனில் பதிந்து கொடுத்தால் அடுத்த வாய்தா எப்போது என்பதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். சிவில் வழக்கில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் கட்சிக்காரர் வர வேண்டியதில்லை, வக்கீல் ஆஜரானால் போதும். இது தெரியாமல் மாதாமாதம் ஒரு ஷிப்ட் கூலியை இழக்கிறார்கள். சாட்சி சொல்லும் நாளில் வந்தே ஆக வேண்டும். அந்த நாளின் கூலியையும் பஸ் செலவையும் விழா நிதி தரட்டும்.

இன்னொரு பங்கு வக்கீல் கமிஷனருக்கும் (இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தர கோர்ட் அனுப்பும் வக்கீல்) சர்வேயருக்கும். அவிநாசி, காங்கேயம் பக்கம் நிலவழக்கு என்றாலே கிணற்றுப் பங்கும் வண்டிப்பாதையும்தான். கணவனை இழந்த பெண்ணுக்குக் கிணற்றில் நாலில் ஒரு பங்கு பத்திரத்தில் இருக்கும், மோட்டார் ஓட்டித் தண்ணீர் எடுக்கும் முறை மட்டும் கொடுக்க மாட்டார்கள். கமிஷனர் போய் மோட்டார், பைப் லைன், பாதையின் அகலம் எல்லாம் அளந்து அறிக்கை கொடுத்தால் வழக்குக்கு முதுகெலும்பு கிடைத்துவிடும். அதற்கான தொகையைக் கட்டுவதில் இரண்டு வாரம் தள்ளிப்போனால், டிராக்டர் ஒரே காலையில் வண்டிப்பாதையை உழுதுவிடும். அப்புறம் அளக்க ஒன்றும் இருக்காது. கேட்ட அன்றே எடுத்துக் கொடுக்கும்படி ஒரு தொகை தனியாக இருக்க வேண்டும்.

நடத்தும் முறையில் கவனிக்க வேண்டியவை சில. மாவட்ட ஆணைக்குழு நன்கொடை பெறலாம், ஆனால் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 17-வது பிரிவின்படி மாநில ஆணைக்குழுவின் முன் அனுமதி தேவை. அழைப்பிதழ் அச்சுக்குப் போகும் முன்பே கடிதம் கொடுங்கள். அறக்கட்டளை வழியாக என்றால், 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கினால் கொடுத்தவருக்கு வருமான வரிச் சலுகை கிடையாது. சாப்பாட்டுச் சீட்டு வேறு, நன்கொடை வேறு. ரசீதும் வேறாகவே இருக்கட்டும். வெளிநாட்டில் இருக்கும் நம்மவர் இந்தியக் குடியுரிமையோடு இருந்தால் சிக்கல் இல்லை. வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றவர் பணம் வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வந்துவிடும்.

மேடை விஷயத்தில் நாங்கள் கண்டிப்பாகச் சொல்வோம். வக்கீல்களின் பெயரும் படமும் பேனரில் வேண்டாம். தொழிலுக்கு விளம்பரம் தேடுவதை பார் கவுன்சில் விதி 36 தடுக்கிறது. உதவி பெற்ற பெண்ணை மேடையேற்றிக் கதை சொல்ல வைக்க வேண்டாம். ஜீவனாம்ச வழக்கு நடக்கும்போது அவர் மைக்கில் சொல்லும் ஒரு வார்த்தையை எதிர்த்தரப்பு குறுக்கு விசாரணையில் கொண்டுவந்து வைக்கும். கடன் வழக்குகளில் வாதியாக நிற்கும் நிதி நிறுவனங்களிடம் விருந்து மேசையை விலைக்கு விற்க வேண்டாம். எதிரியின் பணத்தில் நமக்கு வக்கீல் வைத்தார்கள் என்ற சந்தேகம் ஒருமுறை வந்துவிட்டால் அந்த மனிதர் திரும்ப வரமாட்டார்.

300 பேரிடம் ஆளுக்கு 2,000 வீதம் 6 லட்சம் திரட்டினால், சாப்பாடு, மண்டபம், பொன்னாடை எல்லாம் சேர்த்து ஒன்றரை லட்சத்தைத் தாண்டக் கூடாது. மீதியை ஒரே வருஷத்தில் செலவழித்துவிடாமல் மூன்று வருஷத்துக்குப் பிரித்து வையுங்கள். சிவில் வழக்கு அவ்வளவு காலம் இழுக்கும். பாதியில் சம்மன் மேசையை மடித்துவிட்டால் தொடங்கியதும் வீணாகும்.

அழைப்பிதழின் பின்பக்கத்தில் 15100 என்ற இலவச சட்ட உதவி எண்ணைப் பெரிதாக அச்சிடுங்கள். விருந்துக்கு வருகிறவர்களுக்கு அது தேவைப்படாது. வெளியே காரில் காத்திருக்கும் டிரைவருக்கும், அவர்கள் வீட்டில் வேலை செய்யும் அம்மாவுக்கும் தேவைப்படும்.

இப்படிக்கு,
இலவச சட்ட உதவிப் பணியில் உள்ள வழக்கறிஞர்கள் சிலர்,
கோவை – திருப்பூர்.