கன்னித்தீவு படித்துத் தமிழ் கற்றவர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

சித்திரக் கதைகள் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆசையாகப் படித்தேன். 1972-ல் இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸ், பிறகு வந்த லயன் காமிக்ஸ் என்று எல்லாவற்றையும் விரிவாக எழுதியிருந்தீர்கள். தினத்தந்தி நாளிதழில் தினமும் வரும் கன்னித்தீவு படக்கதைக்கு மட்டும் ஒரே ஒரு வரி. அதுவும் 'முடிவே இல்லாத கதை' என்ற பழைய கேலி. பெங்களூரில் வளர்ந்த என்னைப் போன்ற பலருக்குத் தமிழ் வாசிக்க வந்ததே அந்தத் தொடரால்தான். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

காமிக்ஸ் புத்தகத்துக்குக் காசு வேண்டும். தினத்தந்தியில் 1960-ல் தொடங்கிய கன்னித்தீவு, டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தாலே கிடைத்தது. என் அப்பா ஸ்ரீராமபுரத்தில் சலூன் வைத்திருந்தார். காலையில் பேப்பர் வந்ததும் தாள் தாளாகப் பிரிந்து ஆளுக்கொரு பக்கம் போய்விடும். கன்னித்தீவு இருக்கிற தாளுக்குத்தான் அடிதடி. எழுதப் படிக்கத் தெரியாத கட்டட வேலைக்காரர்கள், "அண்ணே, இன்னைக்கு என்னாச்சு, படிங்க" என்று கேட்பார்கள். யாராவது சத்தமாகப் படித்துக் காட்டுவார். மந்திரவாதி மூசா லைலாவைப் பொம்மை அளவுக்குச் சுருக்கிவிட்டதும், அவளைப் பழைய உருவத்துக்குக் கொண்டுவர சிந்துபாத் கடல் கடலாக அலைவதும் அந்த சலூனில் எல்லோருக்கும் அத்துப்படி.

பள்ளிக்கூடத்தில் எங்களுக்குக் கன்னடம், இங்கிலீஷ், ஹிந்தி. தமிழ் வீட்டில் பேசுவதோடு சரி. கன்னடத்தில் முதலில் எழுதப் பழகிய பிள்ளைக்குத் தமிழ் எழுத்து வேறு விதமாகக் குழப்பும். அங்கே கப்பலில் வரும் 'க'வுக்கு ஓர் எழுத்து, தங்கத்தில் வரும் 'க'வுக்கு வேறோர் எழுத்து. நமக்கு இரண்டுக்கும் ஒன்றுதான். 'பூதம்' என்று அச்சில் பார்த்தால் அந்தப் பிள்ளை மல்லிகைப்பூவில் வரும் 'பூ'வாகத்தான் வாசிக்கும். அப்புறம் படத்தைப் பார்க்கும். மலை உயரத்துக்கு ஓர் உருவம் வாயைப் பிளந்துகொண்டு நிற்கும். கன்னடத்திலும் பூதம்தானே! சட்டென்று பிடிபட்டுவிடும். 'குகை' இன்னும் வேடிக்கை. இரண்டு எழுத்தும் ககர வரிசைதான், ஆனால் முதலாவது ஒரு மாதிரி ஒலிக்கும், இரண்டாவது வேறு மாதிரி. எந்த இலக்கணமும் சொல்லாமலே, பாறை இடுக்கில் இருட்டாக வரைந்திருக்கும் அந்த வாய் சொல்லிக் கொடுத்துவிடும்.

இப்போது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு மாலையில் தமிழ் சொல்லித் தருகிறேன். அரிச்சுவடியில் 'ஆடு, இலை' முடிந்ததும் கொட்டாவி விடுகிறார்கள். கன்னித்தீவை வெட்டி நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன். அடியில் இருக்கும் எழுத்தைக் கையால் மறைத்து, படத்தை மட்டும் காட்டி "என்ன நடக்குது?" என்று கேட்பேன். ஆளுக்கொரு கதை சொல்வார்கள். கையை எடுத்ததும் யார் சொன்னது சரி என்று பார்க்க முண்டியடித்து எழுத்துக்கூட்டுவார்கள். ஆபத்தில் கொண்டுபோய்க் கதையை நிறுத்திவிடுவதால் மறுநாளும் தவறாமல் வருகிறார்கள். ஆதித்தனார் 1942-ல் மதுரையில் தினத்தந்தியைத் தொடங்கியபோதே, எழுத்துக்கூட்டிப் படிப்பவருக்கும் புரிகிற தமிழ் வேண்டும் என்பதில் பிடிவாதமாக இருந்தார். சின்னச் சின்ன வாக்கியம், பேச்சில் புழங்குகிற சொல். அந்தப் பிடிவாதத்தின் பலனை என் வகுப்பில் தினமும் பார்க்கிறேன்.

கதை சுற்றிச் சுற்றி வருகிறது என்பது உண்மைதான். கோர்ட்டில் கேஸ் இழுத்தால்கூட 'கன்னித்தீவு மாதிரி போகுது' என்று நாமே சொல்கிறோம். அமெரிக்காவில் சார்லஸ் ஷூல்ஸ் 'பீனட்ஸ்' தொடரை 1950 முதல் 2000 வரை தன் கையாலேயே வரைந்தார். அவரோடு அது நின்றது. கன்னித்தீவு அப்படியில்லை. ஆரம்பத்தில் ஓவியர் கணு வரைந்தார். பிறகு கை மாறியது, கறுப்பு வெள்ளை போய் வண்ணம் வந்தது. ஓவியத்தின் தரமும் ஒரே சீராக இருந்ததாகச் சொல்ல மாட்டேன். ஆனால் முடிந்துபோன கதையை அப்பா படித்தார் என்று மகனிடம் சொல்லலாம், அவ்வளவுதான். முடியாத கதையைத் தாத்தாவும் பேரனும் ஒரே காலையில் உட்கார்ந்து படிக்கலாம். வெளிமாநிலத்தில் பிள்ளை வளர்க்கிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்களைக் கேட்டால் தெரியும்.

இந்த ஊரில் தமிழ் பேசத் தெரிந்தும் பஸ் பலகை அளவுக்குக்கூடத் தமிழ் படிக்கத் தெரியாத பிள்ளைகள் நிறைய. வாட்ஸ்அப்பிலும் பேசி அனுப்பிவிடுகிறார்கள், எழுத வேண்டிய தேவையே வருவதில்லை. அவர்களுக்காக உங்கள் இதழிடம் ஒன்று கேட்கிறேன். சிறுவர் பகுதியில் அறிவுரைக் கதையைக் கொஞ்சம் குறைத்துக்கொண்டு ஒரு சித்திரத் தொடர் தொடங்குங்கள். மூன்று படம், ஒவ்வொன்றின் கீழும் இரண்டு வரி, பெரிய எழுத்து, பாதியில் நிற்கிற கதை. இது போதும். வரைகிறவரின் பெயரைக் கண்ணில் படும்படி போடுங்கள். நாங்கள் படித்த காலத்தில் அந்தக் கை யாருடையது என்று தெரியாமலேயே வளர்ந்தோம். புதுக் கதை எழுதுகிறவரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள்: லைலாவைப் போல யாராவது வந்து காப்பாற்றட்டும் என்று காத்திருக்காமல், அதில் வரும் பெண் தானே கப்பலைச் செலுத்தட்டும். என் வகுப்பில் முன்வரிசையில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் பெண் பிள்ளைகள்தான்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
ஸ்ரீராமபுரம், பெங்களூரு