பொதுத்தேர்வுக்கு முன்பே தேதியைச் சொல்லுங்கள்: துணை மருத்துவப் படிப்புகளின் சேர்க்கையை நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். நான் காவிரி டெல்டாவில் உள்ள ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் டூ மாணவர்களுக்கு உயிரியல் கற்பிக்கும் ஆசிரியை. இயன்முறை மருத்துவம் (பிசியோதெரபி), செவிலியர், மருந்தியல், கதிரியக்கத் தொழில்நுட்பம் முதலிய பட்டப்படிப்புகளுக்கான கலந்தாய்வு, கலை அறிவியல் கல்லூரிகளில் முதல் பருவம் பாதிக்கு மேல் ஓடிவிட்ட பிறகே இந்த முறையும் தொடங்கியது. அந்தத் தாமதத்தால் என் மாணவி ஒருத்தி, மதிப்பெண்ணால் தான் ஈட்டிய பி.பி.டி. (இயன்முறை மருத்துவப் பட்டப்படிப்பு) இடத்தில் சேர முடியாமல் போனாள். இப்படிப் போவது அவளோடு தொடங்கியதும் இல்லை, நீங்கள் மனம் வைக்காவிட்டால் அவளோடு முடியப்போவதும் இல்லை என்பதால்தான், அலுவலக முகவரிக்கு அனுப்பிய மனுவோடு நின்றுவிடாமல் இதைப் பொதுவில் எழுதுகிறேன்.

கோரிக்கையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விண்ணப்பம் எப்போது, தரவரிசைப் பட்டியல் எப்போது, கலந்தாய்வின் ஒவ்வொரு சுற்றும் எப்போது, கல்லூரியில் சேரக் கடைசி நாள் எது, சேர்க்கை எந்த அடிப்படையில் என்பதையெல்லாம் பிளஸ் டூ பொதுத்தேர்வு தொடங்குவதற்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அறிவித்த தேதியிலிருந்து வழுவாமல் நடத்துங்கள்.

நடைமுறை உங்களுக்குத் தெரியாததில்லை. மே மாதம் தேர்வு முடிவு வருகிறது. பொறியியலுக்கு விண்ணப்பிக்கும் பிள்ளைக்கு, தரவரிசை எப்போது, கலந்தாய்வு எப்போது என்று தெரிந்துவிடுகிறது. அரசுக் கலைக் கல்லூரிகளில் ஜூன் கடைசியிலோ ஜூலையிலோ முதலாண்டு வகுப்புகள் தொடங்கிவிடுகின்றன. இயன்முறை மருத்துவத்துக்கு விண்ணப்பித்த பிள்ளை மட்டும் செப்டம்பர் வரை, சில ஆண்டுகளில் அக்டோபரும் தாண்டி, கைப்பேசியைப் பார்த்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கிறது. எம்.பி.பி.எஸ். சேர்க்கை நீட் முடிவுக்கும் அகில இந்தியக் கலந்தாய்வுக்கும் காத்திருக்க வேண்டியிருக்கிறது, இரண்டு சேர்க்கைகளையும் கவனிப்பது ஒரே அலுவலகம் என்ற விளக்கம் எனக்குத் தெரியும். ஆனால் பி.பி.டி. தரவரிசை இத்தனை காலமும் உயிரியல், இயற்பியல், வேதியியல் மதிப்பெண்களை வைத்துத்தான் கணக்கிடப்பட்டது. அந்த மதிப்பெண்கள் மே மாதமே அரசின் கையில் இருக்கின்றன. பிறகு எதற்காக இந்தப் பிள்ளைகளைக் கடைசிப் பந்திக்குக் காத்திருப்பவர்களைப் போல நிற்க வைக்கிறோம் என்று கேட்கும் பெற்றோருக்கு, ஆசிரியராகிய நான் சொல்லக்கூடிய விடை எதுவும் என்னிடம் இல்லை.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவளுடைய பாட்டிக்குப் பக்கவாதம் வந்து வலப்பக்கம் முழுக்கச் செயலிழந்தபோது, 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தின்கீழ் இயன்முறை சிகிச்சையாளர் ஒருவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். அவர் வராத நாட்களில் இவள் கொடுத்தாள். ஒருமுறை அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது நானே பார்த்தேன். பாட்டியைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாக நீவி உள்ளங்கையை மெத்தைமேல் விரித்து ஊன்ற வைத்து, முழங்கை மடங்கிவிடாமல் தன் கையால் அணை கொடுத்தபடி, “பாரத்த இந்தப் பக்கம் சாய்ங்க ஆத்தா, நான் புடிச்சிருக்கேன்” என்று சொல்லிச் சொல்லி உடலின் எடையை அந்தக் கைக்கு மாற்ற வைத்தாள். அப்படிச் செய்தால் கைக்கு உணர்வு திரும்ப வழி உண்டு என்று சிகிச்சையாளர் சொன்னாராம். ஏன் அப்படி என்று அவள் என்னிடம் கேட்டாள். நரம்பு மண்டலப் பாடத்தை அந்த ஆண்டு அவளளவுக்குக் கூர்ந்து கேட்ட பிள்ளை என் வகுப்பில் வேறு யாரும் இல்லை. எம்.பி.பி.எஸ். கிடைக்காதவர்கள் வேறு வழியில்லாமல் எடுக்கும் படிப்பு என்று பி.பி.டி.யைப் பலர் நினைக்கிறார்கள். இவளுக்கு அதுதான் முதல் விருப்பம். விண்ணப்பத்திலும் அப்படித்தான் வரிசைப்படுத்தினாள்.

ஜூன் போயிற்று, ஜூலையும் போயிற்று. தரவரிசைப் பட்டியல் வரவில்லை. அரசுக் கலைக் கல்லூரியில் கிடைத்த இடத்தை, ‘இதோ கலந்தாய்வு வந்துவிடும்’ என்று நம்பி விட்டிருந்தாள். அவளுடைய அப்பா டிராக்டர் ஓட்டுகிறார். பெண் ஓராண்டு சும்மா இருந்தால் கல்யாணப் பேச்சு எழுந்துவிடும் என்ற அச்சத்தில், அம்மா சுய உதவிக் குழுவில் கடன் எடுக்க, ஆகஸ்டில் ஒரு சுயநிதிக் கல்லூரியில் நுண்ணுயிரியல் படிப்பில் சேர்த்துவிட்டார்கள். மதிப்பெண் பட்டியல், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் எல்லாவற்றின் அசலையும் கல்லூரி வாங்கி வைத்துக்கொண்டது. அதன்பிறகுதான் கலந்தாய்வு வந்தது. வேறு மாவட்டத்துக் கல்லூரி ஒன்றில் அரசு ஒதுக்கீட்டில் பி.பி.டி. இடம் கிடைத்தது. ஒதுக்கீட்டு ஆணையை அச்செடுத்துக்கொண்டு பள்ளிக்கு ஓடிவந்து என்னிடம் காட்டினாள்.

சான்றிதழைத் திரும்பக் கேட்க அவளுடைய அப்பாவோடு நானும் போனேன். அலுவலர் அவளது பெயர் எழுதிய பழுப்பு உறையை அலமாரியிலிருந்து எடுத்து மேசைமேல் வைத்தார். வைத்த கையை எடுக்கவில்லை. உறைமேல் உள்ளங்கையை அழுத்தியபடியேதான் பேசினார்: உங்கள் பெண் போய்விட்டால் அந்த இடம் மூன்று வருடமும் காலியாகக் கிடக்கும், இனி யார் வந்து சேருவார்கள், மீதி இரண்டு வருடக் கட்டணத்தையும் கட்டிவிட்டுத் தாராளமாக எடுத்துப் போங்கள். அவளுடைய அப்பா தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். உட்காருங்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. சான்றிதழ் இங்கே இருக்கிறது என்று ஒரு கடிதமாவது கொடுங்கள் என்று நான் கேட்டதற்கு, முதல்வர் ஊரில் இல்லை என்றார்கள். இடம் ஒதுக்கப்பட்ட கல்லூரியோ, அசல் மாற்றுச் சான்றிதழ் இல்லாமல் சேர்க்கத் தங்களுக்கு அனுமதி இல்லை என்றது. உதவி மையத்தின் எண் ஒலித்துக்கொண்டே இருந்தது. சேரவேண்டிய கடைசி நாள் மாலை ஐந்து மணியோடு அவளுடைய ஒதுக்கீடு ரத்தாகிவிட்டது.

மாணவர்களின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் பிடித்து வைக்கக் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018-ஆம் ஆண்டிலேயே அறிவித்திருக்கிறது. அதை அந்த அலுவலரிடம் சொன்னேன். சட்டம் பேசுவதானால் நீதிமன்றத்துக்குப் போங்கள் என்றார். போகலாம்தான். வழக்கு எண் கிடைப்பதற்குள் கடைசி நாள் கடந்துவிடும் என்பது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தக் கல்லூரியின் மேல் எனக்குக் கோபம் உண்டு. ஆனால் அப்படி ஒரு மேசைமுன் ஒரு தகப்பனைக் கொண்டுபோய் நிறுத்திய தாமதத்துக்கு அந்தக் கல்லூரி பொறுப்பில்லை. அதன் பொறுப்பு தேதியை வைத்திருப்பவர்களுடையது. மரியாதை குறையாமல், ஆனால் மழுப்பாமல் இதைச் சொல்லியாக வேண்டும். தேதி முன்பே தெரிந்திருந்தால் அந்தக் குடும்பம் கடன் வாங்கியிருக்காது, அந்த உறை அந்த மேசைக்குப் போயே இருக்காது.

மாணவர்களுக்கு உயர்கல்வி பற்றி வழிகாட்ட வேண்டும் என்று அரசு எங்களைக் கேட்கிறது. ‘நான் முதல்வன்’, ‘கல்லூரிக் கனவு’ என்று நல்ல முயற்சிகள் நடக்கின்றன. நானும் அவற்றில் மனமார ஈடுபடுகிறேன். ஆனால் பி.பி.டி. எடுக்கலாமா, பி.எஸ்சி. நர்சிங் எடுக்கலாமா என்று ஒரு பிள்ளையும் அதன் பெற்றோரும் என்முன் வந்து உட்காரும்போது நேர்மையாக எதைச் சொல்வது? அரசுக் கல்லூரிகளில் இயன்முறை மருத்துவ இடங்கள் மிகக் குறைவு. திருச்சி அரசு இயன்முறை மருத்துவக் கல்லூரி போன்ற ஒன்றில் இடம் கிடைத்தால் செலவு கட்டுப்படும். கிடைக்காவிட்டால் சுயநிதிக் கல்லூரிதான். அங்கே விடுதியும் பேருந்தும் சேர்ந்தால் கூலிக் குடும்பம் தாங்காது. படித்து முடித்த பிறகாவது நிலைமை சீராகுமா என்றால், மாவட்ட நலவாழ்வுச் சங்கங்களின் ஒப்பந்தப் பணி விளம்பரங்களில் செவிலியருக்கு மாதம் 18,000 ரூபாய் என்றும் இயன்முறை சிகிச்சையாளருக்கு 13,000 ரூபாய் என்றும் போட்டிருப்பதைப் பெற்றோரே கைப்பேசியில் எடுத்துக் காட்டுகிறார்கள். வீடு தேடிப் போய், எழ முடியாதவரை எழுப்பி நடக்க வைக்கும் அந்தத் திட்டத்துக்கு 2024-இல் ஐ.நா. விருது கிடைத்தபோது என் மாணவி எவ்வளவு பெருமைப்பட்டாள் என்று எனக்குத் தெரியும். அந்த விருதுக்கு உழைத்த கைகளுக்கு மாதம் பதின்மூன்றாயிரம் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது என்றுதான் தெரியவில்லை.

படிப்பு எத்தனை ஆண்டு என்ற கேள்விக்கே உறுதியாக விடை சொல்ல முடியவில்லை. நான்காண்டுப் படிப்பும் ஆறு மாதப் பயிற்சியும் என்றுதான் சொல்லி வந்தோம். துணை மருத்துவப் படிப்புகளை ஒழுங்குபடுத்த 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அமைந்த தேசிய ஆணையம் 2025-இல் வெளியிட்ட பாடத்திட்டம் ஓராண்டுப் பயிற்சியோடு ஐந்தாண்டு என்கிறது. அந்தக் கூடுதல் ஆறு மாதத்தில் உதவித்தொகை உண்டா, எவ்வளவு என்று டிராக்டர் ஓட்டும் தகப்பன் கேட்பது நியாயமான கேள்வி. 2025 செப்டம்பர் 9 அன்று, இயன்முறை மருத்துவர்கள் பெயருக்கு முன் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளக் கூடாது என்று டெல்லியில் உள்ள ஒன்றிய அரசின் சுகாதாரச் சேவைகள் தலைமை இயக்குநரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. மறுநாளே அது திரும்பப் பெறப்பட்டது. பட்டத்தைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை. ஒரே நாளில் மாறும் முடிவுகளை நம்பிப் பதினேழு வயதுப் பிள்ளை தன் ஐந்தாண்டை எப்படி ஒப்படைக்கும் என்பதே என் கவலை.

இந்தக் குழப்பத்தின் உச்சம் நீட். இயன்முறை மருத்துவத்துக்கும் அந்தத் தேர்வைக் கட்டாயமாக்க வேண்டும் என்ற முயற்சி ஒன்றிய அளவில் எழுந்ததிலிருந்து என் வகுப்பில் தினமும் இதே பேச்சுதான். எம்.பி.பி.எஸ். வேண்டாம், பயிற்சி மையத்துக்குக் கட்டப் பணமில்லை, பிளஸ் டூ மதிப்பெண்ணால் பி.பி.டி. போய்விடலாம் என்று திட்டமிட்டுப் படித்த பிள்ளைகள் இவர்கள். மதிப்பெண்ணா, நீட்டா என்பதை நீட்டுக்கு விண்ணப்பிக்கும் காலம் முடிந்த பிறகு சொன்னால் அவர்களால் என்ன செய்ய முடியும்? நீட் கூடாது என்பதே என் கருத்து. பள்ளிப் பாடத்தைக் கவனமாகப் படித்த பிள்ளையைவிட, பயிற்சி மையத்தில் ஓராண்டு கூடுதலாக உட்கார வசதியுள்ள பிள்ளை நோயாளியின் கையை நன்றாகப் பிடிக்கும் என்பதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை. அதோடு, இப்போதே எம்.பி.பி.எஸ். கலந்தாய்வின் பின்னால் இழுபடும் இந்தச் சேர்க்கை, நீட் முடிவோடு பிணைக்கப்பட்டால் இன்னும் தள்ளிப்போகும். ஆனால் முடிவு எதுவாக இருந்தாலும், அதை எங்களுக்கு நேரத்தோடு சொல்லுங்கள்.

கோபத்தில் எங்கெங்கோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சம்பளத்தையும் படிப்பின் கால அளவையும் நிர்ணயிப்பது உங்கள் அதிகாரத்துக்குள் வராது என்பதை அறிவேன். உங்கள் கையில் இருப்பது அட்டவணை, அதைத்தான் கேட்கிறேன். இந்தப் படிப்புகளின் தரவரிசையை எம்.பி.பி.எஸ். வேலை முடியட்டும் என்று நிறுத்தி வைக்காமல் ஜூன் மாதத்திலேயே வெளியிடுங்கள். முதல் சுற்றை, கலைக் கல்லூரி வகுப்புகள் தொடங்கும் காலத்தை ஒட்டி நடத்துங்கள். ஏற்கெனவே வேறு கல்லூரியில் சேர்ந்துவிட்ட பிள்ளை, அசல் சான்றிதழைப் பிறகு ஒப்படைப்பதாக எழுதிக் கொடுத்தால், அந்த உறுதிமொழியை ஏற்றுக்கொண்டு சேர்த்துக்கொள்ளும்படி கல்லூரிகளுக்கு எழுத்துமூலம் உத்தரவிடுங்கள். பள்ளி அளவில் நகல்களைச் சரிபார்த்துத் தலைமையாசிரியர் கையொப்பமிட்டுத் தருவதானால் அந்த வேலையை நாங்கள் மகிழ்ச்சியோடு செய்வோம். கடைசி நாளில் தொலைபேசியை எடுத்துப் பேச ஓர் ஆள் இருந்தால் போதும், பாதிப் பிள்ளைகளின் சிக்கல் தீர்ந்துவிடும்.

என் மாணவி இப்போது நுண்ணுயிரியல் முதலாண்டு படிக்கிறாள். அடுத்த ஆண்டு மீண்டும் விண்ணப்பிக்கலாமா என்று கேட்டிருக்கிறாள். எந்த மாதம் கலந்தாய்வு, மதிப்பெண் போதுமா, நீட் எழுத வேண்டுமா என்பதைச் சொன்னால்தான் அவளுடைய அப்பாவிடம் பேச முடியும் என்கிறாள். எங்கள் பள்ளியில் பிளஸ் டூ பெற்றோர் கூட்டம் ஜனவரியில் நடக்கும். அதற்குள் வரும் ஆண்டுக்கான அட்டவணையையும் சேர்க்கை விதிகளையும் வெளியிட்டு உதவுமாறு பணிவோடு கேட்டுக்கொள்கிறேன். வெளியிட்டால் அதை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டுவேன், ஒரு நகலை அவளுக்கும் அனுப்புவேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
அரசு மேல்நிலைப் பள்ளி உயிரியல் ஆசிரியை ஒருவர்