தம்பி, துப்பாக்கிக்கு பூட்டு போடாத

அன்புள்ள தம்பிக்கு,

முந்தாநாள் நம்ம ஜிடிஏ ஆர்பி சர்வர்ல, அதாவது ஜிடிஏ கேமுக்குள்ள ஆளுக்கொரு வேஷம் போட்டு நடிச்சு விளையாடுற நம்ம ஊருல, அட்மினா நீ போட்ட அறிவிப்பை படிச்சேன். சிட்டியை ரெண்டா பிரிக்கப் போறோம், லெஜியன் ஸ்கொயர்லேர்ந்து பில்பாக்ஸ் ஆஸ்பத்திரி வரைக்கும் துப்பாக்கியை வெளியவே எடுக்க முடியாதபடி ஸ்கிரிப்ட் (கேமுக்குள்ள ஓடுற புரோகிராம்) போடப் போறோம், சண்டை வேணும்கிறவங்க சாண்டி ஷோர்ஸ் பக்கம் போய்க்கோங்கன்னு எழுதியிருந்த. நீ ஏன் இந்த முடிவுக்கு வந்தன்னு எனக்குப் புரியுது. போன மாசம் அந்த ரெண்டு கேங்கும் மோதுனதுலேர்ந்து நீ தூங்கவே இல்ல, தினமும் புகார் டிக்கெட், தினமும் வீடியோ கிளிப், இவன் ஆர்டிஎம் பண்ணான் (காரணமே இல்லாம சுட்டான்), அவன் நியூ லைஃப் ரூலை (செத்து எந்திரிச்சா நடந்ததை மறந்துடணும்கிற ரூல்) மீறுனான்னு விடியற வரைக்கும் பஞ்சாயத்து. ஆனாலும் இது வேண்டாம்டா. கொஞ்சம் நீளமாதான் வரும், பொறுமையா படி.

ரெண்டு வருஷமா நான் இங்க இஎம்எஸ், அதாவது ஆம்புலன்ஸ் டாக்டர் வேஷம். பிள்ளையை தூங்க வச்சிட்டு பத்து மணிக்கு மேல டியூட்டி ஆன் பண்ணுவேன். யார் யாரை சுட்டாலும் கடைசியில என் ஸ்ட்ரெச்சருக்குத்தான் வரணும், அதனால சுட்டதுக்கு அப்புறம் என்ன நடக்குதுன்னு உங்க எல்லாரையும் விட நான்தான் அதிகமா பார்த்திருக்கேன்.

பென்னிஸ் கராஜ்ல மெக்கானிக்கா இருந்தாரே அந்த அண்ணன், ஞாபகம் இருக்கா? வண்டியை விட்டு இறங்குறதுக்குள்ள "வாங்க தம்பி, சாப்டாச்சா, வண்டி என்ன சொல்லுது"ன்னு கேப்பாரு. பம்பர் மாத்தணும்னா நிஜமாவே அஞ்சு நிமிஷம் எடுத்து ஸ்லாஷ் மீ போட்டு (கேரக்டர் செய்யறதை டைப் பண்ணிக் காட்டி) ஒவ்வொரு போல்ட்டா கழட்டுவாரு. ஒரு நாள் ரெண்டு வண்டி வந்து நின்னுச்சு, யாரும் வாயே திறக்கல, இறங்குனாங்க சுட்டாங்க போயிட்டாங்க. நான் போய் சேர்ந்து "அண்ணே, எங்க அடி, யாரு சுட்டது"ன்னு கேட்டேன். "தெரியலம்மா, எதுக்குன்னும் தெரியல"ன்னாரு. அது கேரக்டர் பேசுனதா, மைக்குக்குப் பின்னாடி இருந்த மனுஷன் பேசுனதான்னு இன்னிக்கும் யோசிக்கிறேன். அதுக்கப்புறம் அவர் லாகின் பண்ணவே இல்ல.

இதுல ஒரு அநியாயம் இருக்கு, வெளிய இருந்து பார்க்கிறவங்களுக்கு அது சட்டுனு தெரியாது. ஆர்பி பண்றவனோட ரெண்டு கையும் கீபோர்டுல இருக்கும். அவன் ஸ்லாஷ் மீ டைப் பண்ணிட்டு இருக்கிற அந்த நாலு செகண்டுல மவுஸ் பிடிச்சிருக்கிறவன் தலையில போட்டுட்டுப் போயிடுவான். அப்போ இந்த சிட்டியில யாரு நல்லா நடிக்கிறானோ அவன் தோப்பான், யாருக்கு எய்ம் நல்லா இருக்கோ பிங் (நெட் தாமதம்) கம்மியா இருக்கோ அவன் ஜெயிப்பான். மொபைல் ஹாட்ஸ்பாட்ல விளையாடுற பையன் எவ்வளவு பெரிய தாதாவா நடிச்சாலும் சண்டைன்னு வந்தா அவன் பொம்மைதான். நாலு தடவை இப்படி ஆச்சுன்னா ஆர்பி பண்றவனும் பேசுறதை நிறுத்திட்டு முதல்ல சுடக் கத்துக்குவான். கேங் பசங்க எல்லாரும் கெட்டவங்கன்னு நான் சொல்லல, நம்ம சிஸ்டமே அவங்களை அப்படித்தான் பழக்கிடுச்சு.

கேமோட அடித்தளமே அப்படிங்கிறதையும் மறக்காத. ஜிடிஏ ஃபைவ் 2013ல வந்தப்போ செத்தா என்ன நடந்துச்சு? ஆஸ்பத்திரி வாசல்ல எந்திரிப்ப, ஒரு பில்லு கழியும், அடுத்த வண்டியைத் தூக்கிட்டு ஓடிடுவ. தனியா விளையாடுற ஆளுக்கு அது சரி. அந்த கேம் மேலதான் சொந்தமா சர்வர் நடத்த விடுற ஃபைவ்எம் வந்துச்சு, அதுக்கு மேல நாம ஊரு கட்டியிருக்கோம், போலீஸ், கோர்ட்டு, டாக்டர், மெக்கானிக்னு எல்லாம் வச்சிருக்கோம். ஆனா சாவு மட்டும் இன்னும் அந்தப் பழைய சாவுதான், வாசல்ல எந்திரிச்சு ஓடுற சாவு.

இப்போ நீ சொல்ற பிரிவினைக்கு வரேன். இதை முன்னாடியே பெரிய அளவுல செஞ்சு பார்த்திருக்காங்க. அல்டிமா ஆன்லைன்னு ஒரு கேம், 1997 செப்டம்பர்ல வந்தது. ஊருக்குள்ள காவலாளிங்க இருப்பாங்க, ஊர் எல்லையைத் தாண்டிட்டா யாரும் யாரையும் கொல்லலாம், பொணத்து மேல இருக்கிறதை எல்லாம் எடுத்துக்கலாம். கொலைகாரன் பேரு சிவப்புல தெரியும். புதுசா வந்தவங்க சுரங்கத்துக்குப் போற வழியிலயே செத்து செத்து வெறுத்துப்போய் விட்டுட்டுப் போனாங்க. கடைசியில 2000ல அந்த உலகத்தையே இன்னொரு நகல் எடுத்தாங்க, ஃபெலூக்காங்கிற உலகம் பழையபடி, ட்ராமெல்ங்கிற நகல்ல சம்மதம் இல்லாம யாரும் யாரையும் அடிக்க முடியாது. ஜனம் பெரும்பாலும் ட்ராமெல்லுக்குக் குடி போயிடுச்சு. கேம் செத்துப்போகல, அதையும் சொல்லணும், அதுக்கப்புறமும் ஆளுங்க கூடத்தான் செஞ்சாங்க. ஆனா சிவப்புப் பேருக்காரங்களை எதிர்த்து ஊரைக் காக்கிறோம்னு கில்டு (குழு) சேர்த்து ராத்திரி காவல் நின்னாங்களே, அவங்களுக்கு வேலையே இல்லாம போச்சு. திருடன் வர முடியாத ஊர்ல காவலுக்கு நிக்கிறவன் யார்கிட்டேர்ந்து யாரைக் காப்பாத்துவான்? நம்ம லெஜியன் ஸ்கொயர்லயும் அதேதான் ஆகும். என் ஆம்புலன்ஸ் சும்மா நிக்கும், பரவாயில்ல. ஆனா கந்துவட்டிக்காரன் வந்து நின்னா கடைக்காரன் பயப்பட மாட்டான், ஏன்னா ஸ்கிரிப்ட் இருக்குன்னு ரெண்டு பேருக்குமே தெரியும். இன்னொரு பக்கம் சாண்டி ஷோர்ஸ் வெறும் துப்பாக்கிச்சூடு மைதானமா மாறிடும், அங்க எவனும் ஒரு வார்த்தை பேசப் போறதில்ல.

ஈவ் ஆன்லைன்ங்கிற விண்வெளிக் கப்பல் கேம்காரங்க 2003ல வேற வழி பிடிச்சாங்க, எனக்கு அதுதான் மனசுக்குப் பட்டது. பாதுகாப்பான ஏரியான்னு அங்கயும் இருக்கு, ஆனா அங்கயும் நீ ஒருத்தனை அடிக்கலாம், தடுக்க மாட்டாங்க. அடிச்சா கான்கார்டுன்னு ஒரு போலீஸ் வந்து உன் கப்பலை கண்டிப்பா உடைக்கும், தப்பிக்கவே முடியாது. அடிபட்டவனை அது காப்பாத்தாது, அடிச்சவனுக்கு தண்டனை மட்டும் நிச்சயம். 2012ல ஜீட்டாங்கிற பெரிய சந்தை ஏரியாவையே எரிப்போம்னு ஒரு கூட்டம் கிளம்புச்சு, ஒவ்வொரு கப்பலும் போயிடும்னு தெரிஞ்சே கணக்குப் போட்டு மலிவான கப்பலா வாங்கி வந்து மோதுனாங்க, கம்பெனியும் தடுக்கல. அங்க அடிக்கிறவன் அடிக்கிறதுக்கு முன்னாடி உக்காந்து யோசிச்சாகணும். நம்ம ஊர்ல எவனும் யோசிக்கிறதில்ல, ஏன்னா சுட்டாலும் செத்தாலும் அவனுக்கு நஷ்டம் ஒண்ணுமே இல்ல.

நம்ம ரூலையே பாரு. டாக்டர் வந்து பிழைக்க வச்சா எல்லாம் ஞாபகம் இருக்கும், ஆனா ட்ரீட்மென்ட்டுக்கு உக்காரணும், பில்லு கட்டணும். ரெஸ்பான் (டாக்டர் இல்லாமலே மறுபடி எந்திரிக்கிற பட்டன்) அழுத்துனா கடைசி பதினஞ்சு நிமிஷத்தை மறந்துட்டதா நடிச்சா போதும், ஓடிடலாம். எது சுலபமோ அதைத்தான் எல்லாரும் பண்றாங்க, நான் போய் சேர்றதுக்குள்ள தரையில ஆளே இருக்காது. இதைத் தலைகீழா மாத்து. ரெஸ்பான்ல வந்தா அன்னிக்கு ராத்திரி முழுக்க துப்பாக்கி தொடக்கூடாது, கையில இருந்த சாமான் எல்லாம் போச்சு. ஆஸ்பத்திரிக்கு வந்தா காயம் இருக்கும், ஆனா கதை தொடரும், பழி வாங்குறதுக்கும் நியாயம் இருக்கும். தோட்டா விலையையும் ஏத்து, இப்போ ஒரு பெட்டி தோட்டாவை விட பர்கர் விலை அதிகமா இருக்கு.

துப்பாக்கி காட்டுனா கை தூக்கணும்கிற பயம் ரூலை மட்டும் நம்பி இருக்காத. அதையே ஆயுதமா பிடிச்சுட்டு ஏடிஎம் வாசல்ல நின்னு வர்றவன் போறவனை எல்லாம் உருவுறாங்க. இன்னும் சிலர் ஆர்பி பண்றேன்னு சொல்லி பேச்சை இழுத்துக்கிட்டே டிஸ்கார்டுல (கேமுக்கு வெளிய இருக்கிற சாட்ல) ஆள் கூப்பிடுறாங்க, அதுவும் ஏமாத்துதான். பயம் ரூல்ல எழுதி வர்றதில்ல, இழக்கிறதுக்கு ஏதாவது இருக்கிறவனுக்குத்தான் அது வரும்.

ஒரு பையன் எனக்கு இன்னும் கண்ணுலயே நிக்கிறான். டோ ட்ரக் பின்னாடி போட்டுக் கொண்டாந்தாங்க, தொடையில ஒரு குண்டு. நான் எடுத்துட்டு "மூணு நாளைக்கு ஓடக்கூடாது தம்பி"ன்னு சும்மா வாய்ல வந்ததைச் சொன்னேன். ஸ்கிரிப்ட் ஒண்ணும் தடுக்கல, அவன் அடுத்த நிமிஷமே ஓடியிருக்கலாம். மூணு நாள் நொண்டுனான், நிஜ நாள் மூணு. போலீஸ் துரத்துனப்போ கூட நொண்டிக்கிட்டே போய் மாட்டுனான். அவனை சுட்டவன் ஜெயிலுக்கே வந்து மன்னிப்பு கேட்டான், பத்து பேரு அதைப் பார்க்க வந்தாங்க, அதுலேர்ந்து ரெண்டு மாசம் ஓடுச்சு அந்தக் கதை. எல்லாம் ஒரே ஒரு குண்டுலேர்ந்து. அந்தப் பையன் நீதான்டா. அன்னிக்கு துப்பாக்கிக்கு பூட்டு இருந்திருந்தா அந்த மூணு நாளும் வந்திருக்காது.

ஸ்கிரிப்ட் ஞாயித்துக்கிழமை லைவ் போகுதுன்னு போட்டிருக்க. அதுக்கு முன்னாடி ஒரு ராத்திரி அட்மின் மெனுவை மூடிட்டு என்கூட ஆம்புலன்ஸ்ல ஏறு, நாலு எமர்ஜென்சி கால் அட்டெண்ட் பண்ணுவோம். வெள்ளி, சனி ரெண்டு நாளும் பத்து மணிக்கு மேல நான் பில்பாக்ஸ்லதான் இருப்பேன்.

அன்புடன்,
டாக்டர் அக்கா