கீழ்மட்டக் கரும்பலகைகள் மீண்டும் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

2025 ஜூலையில், தமிழ்நாட்டுப் பள்ளி வகுப்பறைகளில் மாணவர்களை 'ப' வடிவில் அமர வைப்பது பற்றிய விவாதத்தில் கழுத்து வலி வருமா, சிறிய அறையில் எல்லாருக்கும் இடம் போதுமா என்றெல்லாம் பேசப்பட்டது. அவை நியாயமான கேள்விகளே. ஆனால், முதல் வகுப்புக் குழந்தையின் கைக்கு அந்த அறையில் எட்டுவது எது என்ற கேள்வி எழவில்லை.

இதற்கு நம் அரசுப் பள்ளிகள் முன்பே ஒரு விடை கண்டிருந்தன. 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் தொடங்கி, 2007-08 கல்வியாண்டில் மாநிலம் முழுவதும் பரவிய செயல்வழிக் கற்றலில் (பாட அட்டைகளைக் கொண்டு குழந்தைகள் தத்தம் வேகத்தில் கற்கும் முறை), சுவரின் அடிப்பகுதி முழுவதும் கரும்பலகையாக்கப்பட்டு, குழந்தைக்கு ஒரு கட்டம் பிரித்துத் தரப்பட்டது. குழந்தைகள் வரைந்தவை தலைக்குமேல் கம்பிப் பந்தலில் தொங்கின. ஆசிரியரும் பாயில்தான் அமர்ந்தார். அட்டைகள் கிழிந்துபோனதும், பல வகுப்புகளை ஒருவரே கவனித்துத் திணறியதும் உண்மை. அம்முறையின் குறைகளை நான் மறுக்கவில்லை. எனினும், என் வகுப்பில் மாதக்கணக்கில் வாய் திறக்காதிருந்த ஒரு சிறுமி, காலை மணி அடிக்கும் முன்பே வந்து, பாவாடை நுனியால் தன் கட்டத்தைத் துடைத்து, நாள்தோறும் ஒரு கோழியை வரைந்துவைப்பாள். அவள் வராத நாளில் அங்கே எழுதச் சொன்னால், "அது அவ இடம் டீச்சர்" என்று மற்ற பிள்ளைகள் மறுத்துவிடுவார்கள்.

அண்மையில் ஒரு பள்ளிக்குச் சென்றிருந்தேன். சுவரெங்கும் தலைவர்களும் விலங்குகளும் அழகாகத் தீட்டப்பட்டிருக்க, எதிரே பெரிய தொடுதிரை இருந்தது. ஆனால், நான் உள்ளே நுழைந்ததும் காதில் விழுந்தது, "சுவரில் சாயாதே, பெயின்ட் அழுக்காகும்" என்ற அதட்டல். வண்ணத்துக்கு அடியில் பழைய கரும்பலகையின் விளிம்பு மட்டும் மேடாகத் தெரிந்தது. குழந்தைகளுக்கென்றே அலங்கரித்த அறையில் அவர்கள் தொடக்கூடிய இடம் ஓரடிகூட இல்லாதது என்னை மிகவும் வருத்தியது.

திறன்மிகு வகுப்பறைகளை நான் எதிர்க்கவில்லை. திரை மேலே இருக்கட்டும். அடுத்த முறை வண்ணம் பூசும்போது, ஒவ்வொரு தொடக்க வகுப்பிலும் குறைந்தது ஒரு சுவரின் கீழ் மூன்றடியையாவது குழந்தைகள் எழுதுவதற்கு விட வேண்டும் எனக் கல்வித் துறையைக் கேட்டுக்கொள்கிறேன். பெரிய செலவில்லாத இவ்வேலையைப் பள்ளி மேலாண்மைக் குழுக்கள் ஒரு தீர்மானம் இயற்றி, கோடை விடுமுறையிலேயே செய்துவிட முடியும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை,
தஞ்சாவூர்.