போலீஸ் கஸ்டடி 15 நாள்: நாடாளுமன்றம் மறுபடி பேசணும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

புது கிரிமினல் சட்டங்கள் மூணும் 2024 ஜூலை 1ல இருந்து அமல்ல இருக்கு. கொலைக்கு 302ன்னு சொல்லிட்டிருந்த வாயி இப்ப 103ங்குது, மோசடிக்கு 420 போயி 318 வந்திருச்சு, அதெல்லாம் பழகிப்போச்சு. நான் வக்கீல் குமாஸ்தா, மாஜிஸ்ட்ரேட் கோர்ட் வாசல்லயே பொழுது போற ஆளு. நம்பர் மாறினத பத்தி எனக்கு குறை இல்ல. கைது, ரிமாண்ட், ஜாமீன் நடைமுறைய சொல்ற புது சட்டம் பி.என்.எஸ்.எஸ்.ல, போலீஸ் கஸ்டடி பத்தி 187வது பிரிவுன்னு ஒண்ணு இருக்கு பாருங்க, அத எதிர்த்து சபையில நின்னு வாதாட வேண்டியவங்கள்ல பெரும்பாலானவங்கள வெளிய அனுப்பிட்டு நிறைவேத்தினாங்களே, அந்த ஆதங்கத்துலதான் எழுதுறேன்.

பழைய சட்டப்படி ஒருத்தர கைது பண்ணி ரிமாண்ட் பண்ணினா முதல் 15 நாளுக்குள்ளதான் போலீஸ் கஸ்டடி எடுக்க முடியும், அதுக்கப்புறம் ஜெயில்தான், ஸ்டேஷனுக்கு திரும்ப கூட்டிட்டுப் போக முடியாது, சுப்ரீம் கோர்ட்டும் 1992லயே இத தெளிவா சொல்லிருச்சு. இப்ப என்னன்னா அந்த 15 நாளையும் துண்டு துண்டா பிரிச்சு எடுத்துக்கலாம், கேஸப் பொறுத்து முதல் 40 நாளுக்குள்ள இல்லன்னா 60 நாளுக்குள்ள எப்ப வேணும்னாலும். மொத்தம் 15 நாள்தானே, கூட்டலையேன்னு உள்துறை அமைச்சர் அமித் ஷா சொன்னாரு. கணக்கு சரிதான் சார், ஆனா கோர்ட் வாசல்ல நின்னு பாத்தாத்தான் வித்தியாசம் புரியும். முன்னாடி 15 நாள் தாண்டிட்டா, இனி ஸ்டேஷன் பயம் இல்ல, ஜாமீன பாப்போம்னு வீட்டு ஆளுங்களுக்கு ஒரு தெம்பு வரும். இப்ப ஜாமீன் மனு போட்டா, கஸ்டடி இன்னும் பாக்கி இருக்குன்னு அரசு தரப்புல ஆட்சேபணை பண்ண இடம் இருக்கு, அது மட்டுமே ஜாமீன மறுக்க காரணமாகாதுன்னு சட்டம் சொன்னாலும். ஜெயிலுக்குப் போய் ஒரு மாசம் ஆன பையன மறுபடி ஸ்டேஷனுக்கு அனுப்புவாங்களாண்ணேன்னு ஒரு அம்மா என்கிட்ட கேட்டா, அனுப்ப மாட்டாங்கன்னு உறுதியா சொல்ல முடியல.

ரிமாண்ட் நடக்கிற விதத்தையும் சொல்லணும். ராத்திரில மாஜிஸ்ட்ரேட் வீட்டுக்கு வேன்ல கூட்டிட்டு வருவாங்க, ரெண்டு பக்கமும் போலீஸ்காரர் நிப்பாரு, யாராவது அடிச்சாங்களான்னு மாஜிஸ்ட்ரேட் கேட்டா, பக்கத்துல நிக்கிறவர ஒரு பார்வை பாத்துட்டு இல்லன்னு தலையாட்டுவான். கேட்டுக்கு வெளிய அவன் வீட்டு ஆளுங்க பன்னும் தண்ணி பாட்டிலும் வச்சுக்கிட்டு, மூஞ்சிய ஒரு தடவ பாத்துர மாட்டோமான்னு நிப்பாங்க. 2020ல சாத்தான்குளத்துல தகப்பனையும் மகனையும் பறிகொடுத்தோம், 2025 ஜூன்ல திருப்புவனத்துல ஒரு கோயில் காவலாளி செத்தாரு, அதுல முறையா கைதுகூட காட்டல. இவ்வளவு நடந்த ஊர்ல இருந்து போன எம்.பி.க்கள்தான் இந்தப் பிரிவ பத்தி சத்தமா பேசியிருக்கணும்.

ஆனா 2023 டிசம்பர்ல டெல்லியில என்ன நடந்துச்சு? சபைக்குள்ள ரெண்டு பேர் குதிச்சு புகை குப்பிய வீசினாங்க, அதுக்கு விளக்கம் கேட்டதுக்கு எம்.பி.க்கள வரிசையா சஸ்பெண்ட் பண்ணினாங்க, அந்தக் கூட்டத்தொடர்ல ரெண்டு சபையிலயும் சேத்து 146 பேரு. கனிமொழி, ஜோதிமணி, சு.வெங்கடேசன், மாணிக்கம் தாகூர் எல்லாம் அதுல உண்டு, அன்னைக்கு சபைக்கே வராத சேலம் எம்.பி. பேரையும் சேத்துட்டு அப்புறம் எடுத்தாங்க. டிசம்பர் 20ல மக்களவை, 21ல மாநிலங்களவை, மூணு சட்டமும் குரல் வாக்கெடுப்புல நிறைவேறி முடிஞ்சிருச்சு. 1860ல இருந்து இருந்த தண்டனைச் சட்டத்த மாத்துறதுக்கு இதுதான் லட்சணமா? மசோதாவ பரிசீலிச்ச நாடாளுமன்ற நிலைக்குழு நவம்பர்ல குடுத்த அறிக்கையிலயே இந்த கஸ்டடி பிரிவுக்கு தெளிவு வேணும்னு சொல்லியிருந்துச்சு, அதையும் கண்டுக்கல.

புது சட்டத்துல நல்லது இல்லவே இல்லன்னு சொல்ல மாட்டேன். குத்தம் எங்க நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷன்லயும் ஜீரோ எஃப்ஐஆர்னு புகார் பதிவு பண்ணலாம், ரெய்டு போனா வீடியோ எடுக்கணும், கேஸ் என்ன நிலைமையில இருக்குன்னு பாதிக்கப்பட்டவங்களுக்கு 90 நாளுக்குள்ள சொல்லணும், முதல் தடவ கேஸ்ல மாட்டினவங்க, ஆயுள், தூக்கு கேஸ் தவிர மத்ததுல, அதிகபட்ச தண்டனையில மூணுல ஒரு பங்கு காலம் உள்ள இருந்துட்டா ஜாமீன்ல விடணும், இதெல்லாம் வரவேற்கிறேன். ஆனா வாதம் முடிஞ்சா 45 நாளுக்குள்ள தீர்ப்புன்னு எழுதிட்டா ஆச்சா, யாரு எழுதுறது தீர்ப்ப? பத்து லட்சம் பேருக்கு 50 ஜட்ஜ் வேணும்னு சட்ட கமிஷன் 1987ல சொன்னது, இன்னைக்கும் 20 சொச்சத்துலதான் நிக்குது. ஜட்ஜ் இல்லாத கோர்ட்டுல இன்சார்ஜ் போட்டு வாய்தா குடுத்துத்தான் அனுப்புறாங்க.

குற்ற நடைமுறைச் சட்டம் பொதுப்பட்டியல்ல இருக்கு, மாநிலமும் திருத்தம் கொண்டு வரலாம், குடியரசுத் தலைவர் ஒப்புதல் மட்டும் வாங்கணும். பெண்களுக்கு எதிரான குற்றங்களுக்கு தண்டனைய கூட்டி 2025 ஜனவரியில நம்ம சட்டமன்றமே திருத்த மசோதா நிறைவேத்துச்சு. அதே மாதிரி 187லயும் போலீஸ் கஸ்டடி முதல் 15 நாளுக்குள்ள மட்டும்தான்னு ஒரு வரி சேத்து அனுப்பணும். டெல்லியில நம்ம எம்.பி.க்கள் யாராவது ஒருத்தர் இதயே தனிநபர் மசோதாவா குடுக்கட்டும், அன்னைக்கு வெளிய நிறுத்தப்பட்டவங்கள்ல ஒருத்தரே குடுத்தா இன்னும் நல்லது.

இப்படிக்கு,
வக்கீல் குமாஸ்தா ஒருவர்,
தென்காசி மாவட்டம்