என் கைகள் கட்டுண்டிருந்தபோது: இரத்த வங்கியினருக்கு ஒரு நன்றி மடல்

இரத்த வங்கியின் பணியாளர்களுக்கும், நான் என்றுமே அறியப்போகாத கொடையாளர்களுக்கும் வணக்கம்.

இதைப் படிக்கும் பலருக்கு நான் பட்ட பாடு தெரியும் என்பதால் அதை மறுபடியும் விவரிக்கப் போவதில்லை. எலும்பு மஜ்ஜைப் பரிசோதனையில் என் இரத்தப் புற்றுநோயின் சுவடு தென்படவில்லை என்று நேற்று மருத்துவர் சொன்னார். அவர் சொல்லி முடித்த பிறகும், இன்னும் ஏதோ பாக்கி இருப்பதுபோல அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீடு திரும்பியதும் முதல் நன்றியை அவருக்கு அல்ல, உங்களுக்கே எழுத வேண்டும் என்று தோன்றியது. அவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

எனக்கு அளிக்கப்பட்ட கார்-டி செல் சிகிச்சை என்றதும் எல்லோருடைய எண்ணமும் ஆய்வுக்கூடத்தின் பக்கமே போகிறது. 2017-இல் அதற்கு முதன்முதலாக ஒப்புதல் கிடைத்ததிலிருந்து எழுதப்பட்ட கட்டுரைகளில் நானும் பலவற்றைப் படித்திருந்தேன். நோயாளியின் டி செல்களை, அதாவது நோயை எதிர்க்கும் ஒருவகை வெள்ளணுக்களை எடுத்து, புற்றணுவை அடையாளம் காணும் ஏற்பியை அவற்றில் உருவாக்கி, பெருக்கி, மீண்டும் உடலில் செலுத்துவார்கள் என்று அவை விளக்கின. அதில் ‘எடுத்து’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் அடங்கிப்போகும் வேலை எவ்வளவு பெரியது என்பது உங்கள் நான்காம் எண் நாற்காலியில் அமர்ந்த பிறகே எனக்குப் புரிந்தது.

ஒரு கையிலிருந்து வெளியேறும் இரத்தம் இயந்திரத்துக்குள் சுழன்று, அடர்த்தி வேறுபாட்டால் அடுக்கடுக்காகப் பிரிய, வெள்ளணுக்கள் கொண்ட மெல்லிய அடுக்கு மட்டும் பையில் சேர்கிறது. எஞ்சியது மறு கை வழியே உடலுக்குத் திரும்புகிறது. உடலிலுள்ள மொத்த இரத்தத்தைப்போல் இரண்டு மூன்று மடங்கு இப்படிச் சுற்றி வர எனக்கு நான்கு மணி நேரம் பிடித்தது. இரண்டு கைகளிலும் ஊசி இருந்ததால் முழங்கையை மடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள்.

இரண்டாம் மணி நேரத்தில் என் மூக்கு நுனி அரிக்கத் தொடங்கியது.

இதைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. அதுவரை வந்த வலிகளையெல்லாம் பல்லைக் கடித்துக்கொண்டு தாங்கியவள், அந்த அரிப்பைத் தாங்க முடியாமல் கண் கலங்கினேன். அருகில் இயந்திரத்தின் அளவுகளைக் குறித்துக்கொண்டிருந்த தொழில்நுட்பப் பணியாளர், கால் மணிக்கு ஒருமுறை, “உதட்டைச் சுற்றி மதமதப்பாக இருக்கிறதா அக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார். இரத்தம் உறையாமலிருக்கக் கலக்கும் சிட்ரேட், உடலிலுள்ள கால்சியத்தைப் பிடித்துக்கொள்வதால் வரும் மதமதப்பு அது. இல்லை என்று தலையசைத்தேன். அவர் குறிப்பேட்டுக்குத் திரும்பாமல் என் முகத்தை ஒரு கணம் பார்த்துவிட்டு, “மூக்கா?” என்றார்.

கையுறையை மாற்றிக்கொண்டு, ஒரு துணித் துண்டால் மூக்கு நுனியைச் சொறிந்துவிட்டார். “இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்” என்றேன், அதையும் செய்தார். பிறகு கண்ணைத் துடைத்து, சரிந்திருந்த என் கண்ணாடியை மேலேற்றிவிட்டு, முக்காலியை இழுத்துப் போட்டு அருகிலேயே உட்கார்ந்தார். “இங்கே உட்காருகிற எல்லோருக்கும் இது வரும், ஆனால் யாரும் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள்” என்றார். அதன் பிறகு உதட்டைப் பற்றி விசாரித்த ஒவ்வொரு முறையும் மூக்கைப் பற்றியும் விசாரித்தார். பல மாதங்களாக என் உடலைத் தொட்டவர்கள் எல்லோரும் எதையாவது கண்டறியவோ ஏற்றவோதான் தொட்டார்கள். அது அவர்களுடைய கடமை, குறையாகச் சொல்லவில்லை. ஆனால் அரிக்கிறது என்பதற்காக மட்டும் ஒருவர் தொட்டது அன்றுதான்.

முடிந்ததும் வெளிறிய செந்நிறத்தில் இருந்த பையை என் கண்ணுக்கு நேரே உயர்த்திப் பிடித்து, ஒட்டியிருந்த சீட்டிலுள்ள பெயரையும் எண்ணையும் என்னையே வாசிக்கச் சொன்னார். என் செல்கள் இன்னொருவருக்கும் இன்னொருவருடையவை எனக்கும் போய்விடக் கூடாது என்பதற்காக, அந்த எண்ணை வழியெங்கும் எத்தனை பேர் சரிபார்த்தார்களோ, அத்தனை பேருக்கும் என் நன்றி.

மற்றவர்களுக்கு ஒரே மூச்சில் நன்றி சொல்வதை மன்னிக்க வேண்டும். முன்பு எனக்குச் செலுத்தியிருந்த டாராட்டுமுமாப் மருந்து சோதனைக்கான சிவப்பணுக்களிலும் ஒட்டிக்கொண்டு இரத்தப் பொருத்தச் சோதனைகளைக் குழப்பியபோது, அந்த அணுக்களை வேதிப்பொருளால் பதப்படுத்திப் பொறுமையாக மறுபடி சோதித்தவர்கள். உறைந்திருந்த என் செல்களை 37 டிகிரி வெந்நீர்த் தொட்டியில் உருக்கி, நேரம் தவறாமல் படுக்கையருகே சேர்த்தவர்கள். சிகிச்சைக்குப் பின் இரத்த அணுக்கள் சரிந்துகிடந்த வாரங்களில் எனக்கு ஏறிய 11 தட்டணுப் பைகளின் கொடையாளர்கள். தட்டணுக்களை அறை வெப்பத்தில் ஓயாமல் அசைத்துக்கொண்டே வைத்திருந்தாலும் சில நாள்களுக்கு மேல் அவை தாங்காது என்பதால், எனக்கு வந்தவை யாரோ அந்த வாரமே வந்து கொடுத்தவையாகத்தான் இருந்திருக்கும்.

இரவுப் பணியிலிருந்த ஒருவரிடம் தனியே மன்னிப்புக் கேட்க வேண்டும். கதிர்வீச்சுக்கு உட்படுத்தாத பையைத் தர மறுத்து, சற்றுக் காத்திருங்கள் என்று நீங்கள் சொன்னபோது என் கணவர் குரலை உயர்த்தினார். கொடையாளரின் உயிருள்ள வெள்ளணுக்கள், எதிர்ப்பாற்றல் ஒடுக்கப்பட்ட என் உடலில் வேரூன்றி என்னையே தாக்கக்கூடும் என்பதும், அதைத் தடுக்கவே 25 கிரே அளவு கதிர்வீச்சு என்பதும் அவருக்கு மறுநாள்தான் தெரிந்தது. அன்றிலிருந்து உங்கள் கண்ணில் படாமல் நழுவிக்கொண்டிருந்தவர், இப்போது தட்டணுக் கொடைக்குப் பெயர் பதிந்திருக்கிறார். ஆகவே ஒருநாள் உங்களைச் சந்தித்தே தீர வேண்டும்.

எனக்கு வந்த நோயால் நான் இனி யாருக்கும் இரத்தம் கொடுக்க இயலாது. அந்த வருத்தம் சிறிதல்ல. எதிர்ப்பாற்றல் தேறி, கூட்டத்தில் இருக்கலாம் என்று மருத்துவர் அனுமதித்த பிறகு, செல் சேகரிப்பு நடக்கும் நாள்களில் அந்த முக்காலியில் உட்கார எனக்கு இடம் கொடுப்பீர்களா? இயந்திரத்தின் பக்கம் போக மாட்டேன். நகங்களை ஒட்ட வெட்டிக்கொண்டு வருகிறேன்.

நன்றியுடன்,
நான்காம் எண் நாற்காலியில் இருந்தவள்